சாட்சி சொன்ன கண் டாக்டர்

காலை ரயில் ஆவடியை விட்டுக் கிளம்பியதும், எதிரே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த ஐம்பது வயதுக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

“என் ஒரு கண்ணு போன கேஸ்ல டாக்டருக்கு எதிரா சாட்சி சொன்னதே இன்னொரு கண் டாக்டர்தான் மாமே.”

“டாக்டரே டாக்டரை மாட்டி வுட்டாரா?”

“நாயமா சொன்னாருப்பா. ஆபரேஷன்ல தப்பே இல்லன்னாரு. மறுநாளு வலி தாங்காம போனேன்ல, கண்ணைத் தொறந்துகூட பாக்காம மாத்திரை குட்த்து அனுப்புனாங்களே, அதான் தப்புன்னாரு.”

“எதிர் வக்கீல் சும்மாவா வுட்டான்?”

“‘உங்க கையில யாருக்கும் கண்ணு போனதில்லையா’ன்னு மடக்குனான். ‘ஒருத்தருக்குப் போயிருக்கு. அதுலேர்ந்து வலின்னு வர்ற யாரையும் நான் பாக்காம அனுப்பறதில்ல’ன்னாரு.”

“தீர்ப்பு இன்னா?”

“நம்ம பக்கம்தான். போன கண்ணு வராது. ஆனா சொட்டு மருந்து ஒழுங்கா போடலன்னு இத்தினி நாளா என்னையே திட்டிகினு இருந்தா என் பொண்டாட்டி. அன்னிக்கு கோர்ட் வாசல்ல என் கையைப் புட்ச்சிகினு நின்னா.”

அம்பத்தூரில் இருவரும் இறங்கினார்கள். கூட்டத்தில் கறுப்புக் கண்ணாடிக்காரர்தான் முன்னால் நடந்தார்.