மஞ்சள்னு சொல்லிட்டேன்

...அட, நீங்களே சொல்லுங்கம்மா! காட்டுல தானா முளைக்கிற செடிக்கு வீட்டுத் தோட்டத்துல என்ன வேலை? நம்ம மண்ணுச் செடியாம். ஒருதடவை நட்டாப் போதும், வருஷா வருஷம் அதுவே வருமாம். எல்லாம் என் வீட்டுக்காரி சொல்றதுதான்.

மூணு வருஷம்! ஒரு மொட்டு? ம்ஹும். மழைக்கு நாலு இலை விடும். வெயில் வந்தா குச்சியாக் காஞ்சு நிக்கும். கேட்டா, "சாகலை, மண்ணுக்குள்ள தூங்குது"ங்கறா. நான் மத்தியானம் பத்து நிமிஷம் கண்ணை மூடினா மட்டும் சோம்பேறி!

நடுச்சுவர் மேல சாயாதீங்க, பூச்சு உதிருது. அந்தக் கொத்தனார் இருக்கானே... சரி, அவனை விடுங்க.

மக பிரசவத்தைப் பாத்துக்க இவ ஊருக்குப் போனா. மூணு மாசம் ஆச்சு. கிளம்பும்போது என்ன சொன்னா? வேளைக்கு மாத்திரை போடுங்கன்னா? இல்ல. "செடியைத் தொடாதீங்க." அவ்வளவுதான்.

மழை விழுந்ததுலேருந்து தினமும் போன். "பூத்துச்சா?" நான் சாப்பிட்டேனா, இருக்கேனா, ஒண்ணும் கிடையாது. பூத்துச்சா, பூத்துச்சா... எத்தனை நாள்தான் பொறுக்கறது? பூத்துச்சுன்னேன். என்ன நிறம்னா. மஞ்சள்னேன். வாயில வந்தது! மறுநாள், "இன்னிக்கும் மஞ்சளா?" அதுக்கு மறுநாள், "பளிச்சுன்னு மஞ்சளா, வெளிர் மஞ்சளா?" மனுஷனுக்கு வேற வேலை இல்ல?

இன்னிக்கு சாயங்கால ரயில்ல வர்றா.

அதான்... உங்க தண்ணித்தொட்டி ஓரம் அந்த நீலப் பூ. வேரோட கொஞ்சம் எடுத்துக்... ஏன்னு கேக்கறீங்களா? ஏன்னா அது எங்க செடி!

சரி, சொல்லித் தொலைக்கறேன். அவ போன மறுவாரம் நாந்தான் புடுங்கினேன். செத்த குச்சின்னு நெனச்சேன்மா! அடியில கிழங்கு உயிரோட இருக்கும்னு யாருக்குத் தெரியும்? குப்பைத்தொட்டி தெருக்கோடியில. யாரு நடக்கறது? சுவரைத் தாண்டி வீசிட்டேன். அப்போ நீங்க குடிவந்து பத்து நாள் கூட ஆகலை, கவனிக்க மாட்டீங்கன்னு...

என்ன சிரிப்பு?

...பாத்தீங்களா? மாடியிலேருந்தா?

...அன்னிக்கே அவளுக்குப் போன் போட்டாச்சா! நம்பரை அவளே குடுத்துட்டுப் போனாளா? அவதான் நட்டு வைக்கச் சொன்னாளா? போட்டோ வேற அனுப்பறீங்களா? தினமுமா?

அப்போ... "வெளிர் மஞ்சளா"ன்னு கேட்டது...

அடிப்பாவி!

...இல்ல, மண்வெட்டி வேண்டாம். அங்கேயே இருக்கட்டும். கொஞ்சம் நகருங்கம்மா, பூவை மறைக்கறீங்க. மூணு வருஷம் தண்ணி ஊத்தினது நாந்தான்.