ஒரு தடவைதான் கேட்டாங்க

கை தட்டினாங்கம்மா. அதைத்தான் என்னால தாங்கவே முடியல. ஒருத்தி அழுதிருக்கலாம்ல? வேணாம், கண்ணையாவது கசக்கியிருக்கலாம்ல? பதினோரு வருஷம் தலைவரா இருந்தவ எந்திரிச்சு நின்னு, ‘எனக்குப் போதும், வேற யாரையாவது போடுங்க’ங்கறா. இதுங்க கை தட்டுதுங்க. ஏதோ பந்தயத்துல ஜெயிச்ச மாதிரி... நேரா நில்லுங்கம்மா. குனிஞ்சு காலைப் பாக்காதீங்க. நீங்க குனிஞ்சா பேன்ட்டும் கூடவே ஏறும், அப்புறம் அளவு தப்பிருச்சுன்னு எங்கிட்ட சண்டைக்கு வருவீங்க. குத்தாது. குண்டூசி எல்லாம் என் வாயிலதான் இருக்கு. வாயில ஊசிய வெச்சுக்கிட்டு எப்படிப் பேசறேன்னு பாக்கறீங்களா? எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு, ஊசிய எடுத்தாத்தான் உனக்குப் பேச்சு திக்குதுன்னு.

எந்தச் சங்கமா? மேல நாற்காலி இழுக்கற சத்தம் கேக்குதில்ல, அதுதான். இந்த மாடியில. தையல் வேலை செய்யற பொம்பளைங்களுக்கான சம உரிமைச் சங்கம். நான் ஆரம்பிச்சதும்மா. பெரிய கடைங்கள்ல போய்ப் பாருங்க, கத்தரிக்கோல் எப்பவும் ஆம்பளை கையிலதான் இருக்கும். துணி வெட்டறவரு மாஸ்டர். பொம்பளைன்னா பட்டனுக்குக் காஜா எடுக்கணும், ஓரம் மடிக்கணும். ஆளைப் பாத்ததுமே தோள் அளவு சொல்லிடுவா, ஆனா வெட்டற மேஜைப் பக்கம் போயிடக் கூடாது. அதுக்காக நான் ஏறாத வாசல் இல்ல, கேக்காத பேச்சு இல்ல. இன்னிக்கு இந்தத் தெருவுல மட்டும் நாலு கடையில பொம்பளை மாஸ்டர் இருக்கா. பெருமைக்குச் சொல்லலம்மா... சரி, பெருமைக்குத்தான் சொல்றேன்.

இதை முன்னாடி யாரு மடிச்சது? ஒரு கால் ஏறியிருக்கு, ஒரு கால் இறங்கியிருக்கு. ஆம்பளை தைச்சதா இருக்கும். அய்யய்யோ, அப்படிச் சொல்லக் கூடாது. ஆம்பளை தையல், பொம்பளை தையல்னு பிரிச்சுப் பேசினா எழுந்து நின்னு மன்னிப்புக் கேக்கணும்னு நானே சட்டம் போட்டிருக்கேன். இப்பத்தான் உங்க காலடியில முட்டி போட்டிருக்கேன், விடுங்க.

விலகறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் சொன்னீங்களான்னா கேக்கறீங்க? நல்லா கேட்டீங்க போங்க. அது வருஷா வருஷம் சொல்றதும்மா. வருஷக் கூட்டம் வரும். கணக்கு வழக்கெல்லாம் படிச்சு முடிப்பாங்க. கடைசியா நான் எந்திரிப்பேன், ‘எனக்கும் வயசாகுது, இடுப்பு வலி, வேற யாராச்சும் வாங்க’ம்பேன். உடனே காஜாக்கா எந்திரிக்கும். அந்தக்கா எடுக்கற காஜா அவ்வளவு சுத்தமா இருக்கும், அதனால அந்தப் பேரு. ‘நீங்க இல்லாம சங்கம் ஏது’ன்னு அது ஆரம்பிக்கும். நான் முடியாதும்பேன். எல்லாரும் கத்துவாங்க. நான் மறுபடியும் தலைய ஆட்டுவேன். மூணாவது தடவை, ‘உங்களுக்காக... இந்த ஒரு வருஷம் மட்டும்’னு உக்காருவேன். இப்படியே பத்து வருஷம். ஒரு மரியாதைம்மா. கேட்டவுடனே சரின்னா அலையறான்னு நினைக்க மாட்டாங்களா?

இந்த வருஷமும் சொன்னேன். சொல்லிட்டு காஜாக்காவைப் பாக்கறேன். அது ஜன்னலைப் பாக்குது. நான் இருமறேன். ம்ஹூம். அப்ப கண்ணாடி எந்திரிச்சா. நான் தொழில் சொல்லிக் குடுத்த பொண்ணும்மா, மூக்குல பெரிய கண்ணாடி, அதனால எல்லாருக்கும் அவ கண்ணாடிதான். ‘அக்கா, நிச்சயமா வேணாமா?’ன்னா. ஒரே ஒரு தடவை. நான் வழக்கம் போல, ‘வேணாம்மா, வேணவே வேணாம்’னேன். அவ எல்லாரையும் திரும்பிப் பாத்து, ‘அக்கா முடிவை நாம மதிக்கணும்’னா. அவ்வளவுதான், கைதட்டல். அஞ்சு நிமிஷத்துல அவளையே தலைவராப் போட்டாங்க. நானே முன்மொழிஞ்சேன்னு கூட்டக் குறிப்புல எழுதியிருக்காங்க. நான் வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு நின்னது அப்படித் தெரிஞ்சிருக்கு.

அடுத்த வாரம் ஒரு நாற்காலி குடுத்தாங்க. உங்க பைய வெச்சிருக்கீங்களே, அந்த நாற்காலிதான். சாஞ்சு உக்காரலாமாம். ‘இனிமேலாவது ஓய்வெடுங்கக்கா’. நான் ஒரு நாள் கூட உக்காரலம்மா. வர்றவங்க பைய வெச்சுக்கட்டும்.

திரும்புங்க. அந்தப் பக்கம்... ஆங்.

கண்ணாடி என்ன பண்றா தெரியுமா? மேல முன்னாடி ஒரு மேஜை இருந்துச்சு, தலைவர் மேஜை. அதைச் சுவரோரமா தள்ளிட்டா. எல்லாரும் வட்டமா உக்காரணுமாம். வட்டத்துல தலை எது, வால் எது? கேட்டா, எல்லாரும் சமம்ங்கறா. சமம்னா எனக்குப் பிடிக்காதா? அதுக்காகவே பாதி ஆயுசைத் தொலைச்சவ நான். ஆனா எதுக்கும் ஒரு அளவு வேணாமா? நேத்துச் சேந்த பொண்ணு முதல்ல பேசுதாம். கூட்டம் முக்கால் மணி நேரத்துல முடிஞ்சிடுதாம். என் காலத்துல முன்னுரையே முக்கால் மணி நேரம் போகும்... ஏம்மா சிரிக்கறீங்க? ஊசி நழுவுது பாருங்க.

காஜாக்கா ஏன் வாயத் திறக்கலையா? நானும் அதைத்தான் கேட்டேன். போன மாசம் வழியில பாத்து, ‘ஏங்க்கா, என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க’ன்னேன். அந்தக்கா சொல்லுது, ‘நீதானடி சொல்லிக் குடுத்த’.

ஆமா. நான்தான் சொல்லிக் குடுத்தேன். சில கடை முதலாளிங்க இருக்காங்கம்மா. ‘இன்னிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இரு’ம்பான். இவ ‘வேணாம் சார், புள்ள காத்திருக்கும்’பா. ‘சும்மா பிகு பண்ணாத, உனக்கும் ஆசைதான்’னு திரும்பத் திரும்பக் கேப்பான். கேட்டுக் கேட்டே ஒத்துக்க வெச்சிடுவான். அவன்கிட்ட என்ன சொல்லணும்னு சங்கத்துப் பொம்பளைங்களுக்கு வகுப்பு எடுத்தேன். மூணு மாசம், வாரா வாரம். ‘பொம்பளை வேணாம்னா வேணாம்தான். அவ மனசுல வேற இருக்குன்னு நீயா நினைக்கறதே அவளை அவமானப்படுத்தறது. ரெண்டாவது தடவை கேக்காதே. வேணும்னா அவளே வாயைத் திறந்து வேணும்னு சொல்லுவா.’ நாப்பது பேரையும் எழுப்பி நிக்க வெச்சு, பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாதிரி சத்தமா சொல்ல வெச்சேன். காஜாக்காவுக்கு வரவே இல்ல, அதை மட்டும் தனியா ஒம்போது தடவை சொல்ல வெச்சேன்.

நல்லாத்தான் படிச்சிருக்காங்க. நான் மட்டும்தான் படிக்கல.

எனக்கு அந்த இடம் வேணும்மா. மேஜை போனாப் போகட்டும், தலைவர் பதவியும் போகட்டும். அந்த ரூமுல ஒரு மூலையில உக்காந்து, அவங்க பேசறதைக் கேட்டு, நடுவுல ரெண்டு தப்புக் கண்டுபிடிக்கணும். ஆறு மாசமா நான் அந்தப் படி ஏறலை. பதினாலு படிதான்.

இன்னிக்குக் காலையில கண்ணாடி வந்தா. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. இதோ, இந்த வாசல்ல நின்னு, ‘அக்கா, இன்னிக்கு வட்டத்துல உங்களுக்கு ஒரு இடம் வெச்சிருக்கோம், வர்றீங்களா?’ன்னா. நான் என்ன சொல்லியிருப்பேன்னு நினைக்கறீங்க? ‘வேலை இருக்குமா, வேணாம்’னேன். கடை காலியா இருந்துச்சு. கையில தைக்கறதுக்கு ஒரு கிழிசல் துணி கூட இல்ல, வெறும் அளவு டேப்பைச் சுத்திக்கிட்டு இருந்தேன். ‘சரிக்கா’ன்னு மேல போயிட்டா. மூஞ்சி வாடிப் போச்சு, இருந்தாலும் ரெண்டாவது தடவை கேக்கல. அவ்வளவு ஒழுங்கா வளத்திருக்கேன்.

கேட்டீங்களா? மேல சிரிக்கறாங்க. எதுக்குன்னு தெரியல.

முடிஞ்சுது. மெதுவா கழட்டுங்க, ஊசி இருக்கு. அந்தத் திரைக்குப் பின்னாடி போய் மாத்திக்கிட்டு வாங்க. மாத்தியாச்சா? பேன்ட்டை இங்க குடுங்க. சாயங்காலம் வந்து வாங்கிக்கலாம்... என்னது? நீங்க போறப்ப மாடி ஏறிச் சொல்லிட்டுப் போறீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை வந்து கேக்கச் சொல்லியா? ச்சே ச்சே, வேணாம்மா. என்ன நினைப்பாங்க? வேணாம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்? நல்லா இருக்காது, வேணவே வேணாம்.

என்னம்மா, பைய எடுத்துட்டீங்க? செருப்பு மாட்டிட்டீங்க... சரின்னுட்டீங்க? ஏம்மா... இங்க பாருங்க, ஒரு நிமிஷம். இன்னொரு தடவை கேட்டுட்டுப் போங்களேன்.