கடைசியாகக் கடக்கும் நேரம்

எங்கள் தீவில் சாக்பீஸை நமுத்துப்போகாமல் வைத்திருப்பது பெரும்பாடு, இன்ஸ்பெக்டர். கடற்காற்று எதையும் விடாது. அதனால் அடுப்புக்கு மேலே ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன்.

கரைக்குப் போகும் சாலையைத் தினமும் இரண்டு முறை கடல் மூடிவிடும். காலமான என் அண்ணன் எட்மண்ட் ஹெஸ்லப்பின் வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் கடைசியாக எத்தனை மணிக்குக் கடக்கலாம் என்று வாசல் பலகையில் எழுதுவது என் வேலை. முப்பத்தொரு வருடத்தில் ஒருநாளும் பிசகியதில்லை.

அண்ணன் இங்கிலாந்து முழுக்கப் பேர்பெற்ற கவிஞர், நாவலாசிரியர். அவர் கிறுக்கியதைப் படியெடுத்தவள் நான். வரி முட்டி நின்றபோது சொல் எடுத்துக் கொடுத்தவளும் நான். அதைப் பெரிதாகச் சொல்வதற்கில்லை.

அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்த பியர்ஸ் லாங்லி, அச்சுக்குப் போகுமுன் எனக்குக் காட்ட வந்தார். இருந்தது ஒரே பிரதி. அண்ணனின் குடிக்கு மட்டும் ஒரு முழு அத்தியாயம்.

"கோவமா, மிஸ் ஹெஸ்லப்? குடிக்காத கவிஞனை எவன் காசு குடுத்து வாங்குவான்?" என்று சிரித்தார்.

"நான் எங்க வர்றேன்?"

"வர்றீங்களே. நானூத்திப் பன்னெண்டாம் பக்கம், அடிக்குறிப்பு."

'வீட்டைக் கவனிக்க ஒரு பெண் உடனிருந்தார்.' அவ்வளவுதான்.

"பேரு?"

"வந்தவங்க போனவங்க பேரெல்லாம் போட்டா டெலிபோன் டைரக்டரி ஆயிடும்ங்க." இன்னொரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டார். "கேக் பிரமாதம். வேணும்னா அதையும் குறிப்புல சேர்த்துடறேன்."

நான் வாசலுக்குப் போனேன். பலகையில் மூன்று மணி என்றிருந்தது. துடைத்துவிட்டு ஐந்து என்று எழுதினேன்.

"அஞ்சு வரைக்கும் நேரமிருக்கு. இன்னொரு கப் டீ குடிங்க," என்றேன்.

அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு நாலேகாலுக்குக் கிளம்பினார். பலகையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் காரில் ஏறினார். பாதிவழியில் கடல் சூழ்ந்து கார் நின்றது. பதினொரு நிமிடம் ஹாரன் கேட்டது. அதற்குள் நான் கோப்பைகளைக் கழுவி முடித்தேன். படகுக்காரர் டாட் பக்கத்து வீட்டில்தான் இருந்தார். கூப்பிட்டிருந்தால் போயிருப்பார். கூப்பிடவில்லை.

அண்ணனை ஊர் குடிகாரர் என்று பேசக்கூடாது. அவர் பெயரைக் காப்பாற்றத்தான் லாங்லியைக் கொன்றேன், வேறு காரணம் எதுவும் இல்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பத்திரிகைக்காரர்கள் வந்தால் மட்டும் ஒன்று சொல்லுங்கள். 'கவிஞரின் தங்கை' என்று விட்டுவிட வேண்டாம். ஹில்டா மார்கரெட் ஹெஸ்லப் என்று முழுப்பெயரையும் போடட்டும்.