குமிழை இரண்டில் வைத்தேன்

சென்சிட்டிவிட்டியை முழுசாக ஏற்றி வைத்தால்தான் ஆழத்தில் கிடக்கிற காசு கிடைக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், சார். நானும் பதினோரு வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு. நீங்கள் கேட்ட கேள்விக்கு இங்கிருந்து ஆரம்பித்தால்தான் பதில் சரியாக வரும். போன வருடம் இதே தோப்பை என் மிஷினை வைத்துத்தானே தேடினோம், அப்போது ஏன் அது சத்தம் போடவில்லை, பழுதா என்று கேட்டீர்கள். பழுது இல்லை. நல்ல மிஷின்.

நான் நடந்துகொண்டே சொல்கிறேன். உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது. கான்ஸ்டபிள் கதவை மறித்து நின்றுகொள்ளட்டும், பரவாயில்லை.

என் பெயர் அருள்பிரகாஷ். வயது ஐம்பத்திரண்டு. வீடு முத்தியால்பேட்டை. தியேட்டர், ஜவுளிக்கடை வாசல்களில் ஆட்கள் நுழைந்து போகிற மெட்டல் டிடெக்டர்களைச் சர்வீஸ் செய்வது என் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மண்ணுக்குள் தேடுகிற மிஷினை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நீளத் தண்டு, அடியில் ஒரு வட்டத் தட்டு, காதில் ஹெட்போன். கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கும், ஒன்றிலிருந்து பத்து வரை. அதுதான் சென்சிட்டிவிட்டி. மிஷின் எவ்வளவு கூர்மையாகக் கேட்க வேண்டும் என்பதை அதில் வைக்க வேண்டும்.

நான் எப்போதும் பத்தில்தான் வைப்பேன். என் சுபாவம் அப்படி. சின்ன வயதிலிருந்தே என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது. பக்கத்துத் தெருவில் குழாய் சொட்டினால்கூட எனக்குத் தூக்கம் போய்விடும். "சர்ச்சுல பூசையப்ப கூட கால ஆட்டிக்கினே இருக்கீங்க, சாமியாரு உங்களையேதான் பாக்குறாரு" என்று என் மனைவி ஃபாத்திமா சொல்வாள். பத்தில் வைத்த மிஷினும் அப்படித்தான். கடற்கரை மண்ணில் உப்பு ஈரம் இருக்கிறதா, அதற்கே உளறும். தட்டை எங்கே வைத்தாலும் கிர்ரென்று ஒரு சத்தம். அதற்குள்ளே உண்மைச் சத்தம் எது என்று நான் குனிந்து குனிந்து தோண்டுவேன். பாட்டில் மூடி, ஆணி, ஐந்து பைசா. பதினோரு வருடத்தில் ஒரு முழ ஆழத்துக்குக் கீழே இருந்து நான் எதையும் எடுத்ததில்லை.

வெற்றிவேலை அங்கேதான் பார்த்தேன், கடற்கரையில். என்னைவிட மூன்று வயது சின்னவன். கிணறு தூர் வாருவது, செப்டிக் டேங்க் குழி எடுப்பது அவன் வேலை. அரியாங்குப்பத்தில் ஆற்றை ஒட்டி அவன் மனைவி சிவசங்கரிக்கு அப்பா வழியில் வந்த தென்னந்தோப்பு இருந்தது. தோப்பை ஒட்டியே வீடு. "அண்ணே, இங்க இன்னாத்துக்கு மூடி பொறுக்கிக்கினு இருக்கீங்க. எங்க தோப்புல வந்து பாருங்க. அந்தக் காலத்துல அங்க படகுத்துறை இருந்துதாம்" என்றான். அரிக்கமேட்டுப் பக்கம் நான் போகமாட்டேன், அது அரசாங்கம் காக்கிற இடம். இது அவர்கள் பட்டா நிலம். போனேன்.

ஆறு மாதம் ஞாயிறுதோறும் போனேன். நான் மிஷினைப் பிடிப்பேன், சத்தம் வருகிற இடத்தில் அவன் தோண்டுவான். முப்பது குழிக்கு மேல் எடுத்து மூடியிருப்போம். ஒன்றும் இல்லை. அவன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. மதியம் சிவசங்கரி மீன்குழம்போடு சோறு போடுவார். "அண்ணன் வந்தாத்தான் இவரு ஞாயித்துக்கெழம வூட்டுல இருக்காரு" என்று சிரிப்பார்.

ஒரு ஞாயிறு நான் ஆற்றில் கை கழுவிவிட்டு வந்தபோது வெற்றிவேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணே, இது ஓயாம கத்துது, தலய வலிக்குது. கொஞ்சம் கொறச்சிட்டேன். தப்பா?"

குமிழைப் பார்த்தேன். ஆறில் இருந்தது.

"கொறச்சா ஆழத்துல இருக்கறது எப்படிக் கேக்கும்?" என்றேன்.

"தெரில. ஆனா இப்ப சும்மா இருக்குது. இந்த எடத்துல மட்டும் மெதுவா ஒண்ணு கூப்புடற மாரி கேக்குது. கேட்டுப் பாருங்க."

நான் வாங்கிக் கேட்கவில்லை. அவனே தோண்டினான். இரண்டரை அடியில் ஒரு செப்புக்காசு வந்தது. லுங்கியில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தான். ஒரு பக்கம் லில்லிப்பூ. மறுபக்கம் தமிழில் புதுச்சேரி என்று எழுத்து, பாதி தேய்ந்திருந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்துக் காசு. நான் பதினோரு வருடமாகத் தேடிய காசு.

விஷயம் எளிமையானது, சார். பத்தில் வைத்தால் மிஷின் மண்ணின் உளறலை எல்லாம் கேட்கும். ஆழத்திலிருந்து வருகிற மெல்லிய குரல் அதில் மூழ்கிப்போகும். குறைத்தால் உளறல் அடங்கும், குரல் கேட்கும். எலக்ட்ரானிக்ஸ் படித்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். செப்டிக் டேங்க் குழி எடுக்கிறவன் தலைவலியால் கண்டுபிடித்தான்.

அடுத்த நாலு வாரத்தில் இன்னும் ஏழு காசு கிடைத்தது. எல்லாம் அவன் காதுக்குத்தான் கேட்டது. நானும் ஆறில் வைத்துப் பார்த்தேன். அந்த அமைதி எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நிமிடம்கூட இருக்காது, கை தானாகக் குமிழை ஏற்றிவிடும்.

காசுகளை மியூசியத்தில் ஒப்படைத்துவிடலாம் என்றான். ஊர்க்காரர்கள் பார்க்க வந்தார்கள். ஒரு பத்திரிகை நிருபரும் வந்தார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவர் கேட்டதற்கு வெற்றிவேல் என் தோளில் கை போட்டுச் சொன்னான்: "எல்லாம் அண்ணன் சொல்லிக்குடுத்ததுதான். கொறச்சி வச்சாத்தான் ஆழத்துக் காசு பேசும்னு அவருதான் சொன்னாரு. நான் சும்மா தோண்டுறவன்."

அவன் பெருமையைத் தனக்கு எடுத்துக்கொண்டிருந்தால் நான் ஒரு வாரம் கோபமாக இருந்திருப்பேன், பிறகு சரியாகியிருக்கும். அவன் எனக்காகப் பொய் சொன்னான். எனக்கு அது தேவைப்படுகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து என்னால் சோற்றுக்கு முன்னால்கூட உட்கார முடியவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு லாஸ்பேட்டை வரை போவேன், திரும்புவேன், மறுபடி போவேன். தோளில் அந்தக் கை இருப்பது போலவே இருக்கும்.

மாசி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருக்கும். ஞாயிறு இல்லாத ஒரு நாளில் நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. சிவசங்கரி கனகசெட்டிக்குளத்தில் அக்கா வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார். வெற்றிவேல் தோப்பின் ஆற்றுப்பக்க மூலையில் தனியாகத் தோண்டிக்கொண்டிருந்தான். நெஞ்சளவு இறங்கியிருந்தான். சட்டையும் போனும் மரத்தடியில் இருந்தன.

"வாங்கண்ணே. ஞாயித்துக்கெழம சத்தம் கேக்குதுன்னு நீங்க சொன்னீங்களே, அந்த எடந்தான். ஒண்ணும் காணோம். போதும், ஏறிடறேன். மணல் பூமி, இதுக்கு மேல எறங்கக் கூடாது. கர சரியாம இருக்கப் பலவ அடிச்சிட்டு நாளைக்குப் பாப்போம்."

நான் ஹெட்போனை மாட்டி, குமிழைப் பத்தில் வைத்து, தட்டைக் குழிக்குள் நீட்டினேன். ஈரமண். சத்தம் வந்தது. வரும் என்று எனக்குத் தெரியும். "இருக்கு வெற்றி. இன்னும் அர அடி" என்றேன். சத்தம் வந்தது உண்மை. அதில் நான் பொய் சொல்லவில்லை.

"அண்ணன் சொன்னா சரிதான்" என்று அவன் குந்தி உட்கார்ந்து கையால் மண்ணை அள்ள ஆரம்பித்தான். நான் குழியின் கரைக்கு வந்தேன்.

"அண்ணே, கரைல கால் வைக்காதீங்க. தள்ளி நில்லுங்க."

இன்னும் ஓரடி முன்னால் வைத்தேன். பிறகு இன்னொரு காலையும் வைத்துக் கொஞ்சம் அழுத்தினேன். பெரிய சத்தமெல்லாம் இல்லை. மூட்டையிலிருந்து அரிசி சரிகிற மாதிரி ஒரு பக்கக் கரை முழுசாகச் சரிந்தது. நான் பின்னால் விழுந்தேன். எழுந்து பார்த்தபோது குழி முக்கால்வாசி மூடியிருந்தது. அவன் தெரியவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் மிஷினைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வகை மிஷின் அசைவு இருந்தால்தான் பேசும். தட்டு அசைய வேண்டும், இல்லை அடியில் இருக்கிற உலோகம் அசைய வேண்டும். இரண்டும் சும்மா இருந்தால், அடியில் தங்கமே இருந்தாலும் சத்தம் வராது.

நான் குமிழை அவன் வைக்கிற ஆறுக்குக் கொண்டுவந்தேன். உளறல் நின்றது. தட்டை மணலுக்கு மேல் மெதுவாக நகர்த்தினேன். கீழே, ஆழத்தில், தெளிவாக ஒரு குரல் கேட்டது. வெற்றிவேல் இடுப்பில் கனமான வெள்ளி அரைஞாண் போட்டிருப்பான். அதுதான். பதினோரு வருடத்தில் ஆழத்திலிருந்து என் காதுக்குச் சரியாகக் கேட்ட முதல் சத்தம் அது. அதற்கு நேர் மேலே தட்டை நிறுத்தினேன். தண்டை மரத்தில் சாய்த்துக் கையையும் எடுத்துவிட்டேன். தட்டு அசையவில்லை.

சத்தம் நிற்கவில்லை. விட்டு விட்டு வந்தது.

மண்வெட்டி என் காலடியில்தான் கிடந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்துத் தோப்பில் தேங்காய் பறிக்கிற ஆட்களின் பேச்சும் காதில் விழுந்தது. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார்கள். நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று நிமிடம், நாலு நிமிடம் இருக்கலாம். முதலில் சீராக வந்தது, பிறகு அவசரமாக. என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை. குமிழை இரண்டில் வைத்தேன். அமைதியானது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குக் கால் ஆடவில்லை. தென்னங்கீற்று ஆடுகிற சத்தம் தனியாக, அழகாகக் கேட்டது.

மீதிக் குழியை மூடி, மற்றக் குழிகளைப் போலவே மேலே காய்ந்த மட்டைகளைப் போட்டேன். மண்வெட்டியைக் கழுவி அவன் வீட்டுச் சுவரில் சாய்த்தேன். சட்டையை ஆற்றில் விட்டேன். போனை பஸ் ஸ்டாண்டில் நின்ற ஒரு விழுப்புரம் பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அது போய் அணைந்த இடத்தை வைத்துத்தான், ஆள் எங்கோ கிளம்பிப் போய்விட்டான் என்று நீங்கள் முடிவு செய்தீர்கள்.

சிவசங்கரி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒன்பதாம் நாள் உங்களைத் தோப்புக்குக் கூட்டிக்கொண்டு வந்ததும், என்னை வரச் சொன்னதும் அவர்தான். "சொல்லாம கொள்ளாம போற ஆளு இல்ல சார் அவரு. இத்தினி குழி இருக்குது, எனுக்கு மனசே ஆறல. அவரு இடுப்புல வெள்ளி இருக்குது. அண்ணன் மிஷினுக்குத் தெரியும்" என்றார். அவ்வளவு குழியையும் தோண்டுவதற்கு இது லேசு என்று நீங்களும் சொன்னீர்கள்.

குமிழ் இரண்டிலேயே இருந்தது. முழுத் தோப்பையும் நடந்தேன். ஆற்றுப்பக்க மூலையையும் விடவில்லை. சத்தம் இல்லை என்று சொன்னேன். அது உண்மை. நீங்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினீர்கள். அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியாது.

சிவசங்கரி என்னிடம் வந்து, "எங்கிட்ட ஒருவாட்டி குடுங்கண்ணே" என்றார். நானே ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, தண்டை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினேன். வெயிலில் ஒவ்வொரு குழியாகப் போனார். கடைசியில் அந்த மூலைக்கு வந்தார். நேர் மேலே நின்று, கண்ணை மூடிக்கொண்டு, தட்டை இப்படியும் அப்படியும் நகர்த்திக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றினார். முகம் தெளிந்திருந்தது.

"இல்லண்ணே. ஒண்ணும் கேக்கல. எங்கியோ உசுரோடதான் இருக்காரு."

அன்றைக்குச் சாயங்காலம் ஒன்பது நாளைக்குப் பிறகு உலை வைத்தார். எனக்கும் போட்டார். அதற்கப்புறம் ஒரு வருடமாக, கதவுச் சத்தம் கேட்டால் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அவன் வந்தால் இருக்கட்டும் என்று தோப்பிலேயே புதிதாக ஒரு வீடு கட்ட ஆரம்பித்தார். அந்த அஸ்திவாரத்துக்குத் தோண்டியபோதுதான் அவன் வெளியே வந்தான். அரைஞாணை அவரே பார்த்து அடையாளம் சொன்னாராமே. கேட்டபோது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

கரையை மிதித்தது நான்தான். அதை நான் மறுக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு வருடம் முழுக்க அந்தப் பெண்ணுக்குப் புருஷனை உயிரோடு வைத்திருந்ததும் நான்தான். அவனை அவரிடமிருந்து பறித்தது நான் இல்லை சார், போன வியாழக்கிழமை வந்த அந்தப் பொக்லைன்.