உட்காரச் சொன்ன இடம்

இந்தப் பக்கத்தில் பழைய ஊர்களை நன்றாகப் பராமரிக்கிறார்கள். எங்கள் கப்பல் டான்யூப் ஆற்றில் ஒவ்வொரு ஊராக நிறுத்திக் காட்டியது. எல்லா ஊரிலும் ஒரு சர்ச், ஒரு சதுக்கம், கல் பாவிய தெரு. ஒரு சர்ச்சுக்கு ஐந்நூறு வயது என்று வழிகாட்டிப் பெண் பெருமையாகச் சொன்னபோது, என் மனைவி மலர்கொடியின் ஊரான மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் ஆயிரம் வருஷத்துக் கோயிலே இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். இதையெல்லாம் இந்தப் போலீஸ் அதிகாரிக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள் அம்மா. நீங்கள் யாழ்ப்பாணத்துக்காரர், என் தமிழ் உங்களுக்குப் புரியும்.

மற்றவர்கள் கோபுரங்களை அண்ணாந்து பார்த்தார்கள். நான் பெஞ்சுகளைப் பார்த்தேன். ஆள் நடமாட்டம் உண்டா, ஆஸ்பத்திரி பக்கமா, வயதானவர்களிடம் பொறுமையாகப் பேசுகிறார்களா என்று கவனித்தேன். முதல் ஊரில் பிச்சைக்காரர்கள் இருந்தார்கள், பிடிக்கவில்லை. இரண்டாவது ஊர் ஒரே மேடு, அவளுக்கோ முட்டிவலி. விடுவதானால் நல்ல ஊராகப் பார்த்துத்தான் விடவேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தேன்.

மலர்கொடிக்குச் சில வருஷமாக மறதி நோய். பெரம்பலூரில் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு வீட்டுக்குப் போகலாம் என்பாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் நான்தான். சில நாள் என்னைத் தன் அண்ணன் என்று நினைத்துக்கொள்வாள். ஆனால் நான் சொன்னால் கேட்பாள், அது மட்டும் மறக்கவில்லை. கனடாவில் இருக்கும் எங்கள் மகள் இலக்கியா எதையும் நம்பவில்லை. "அம்மா போன்ல நல்லாத்தானப்பா பேசுறாங்க, எடம் மாறுனா சரியாயிடும்" என்றாள். கப்பலுக்கு டிக்கெட் போட்டதும் அவள்தான்.

முதலில் ஊரிலேயே முயன்று பார்த்தேன், அதையும் மறைக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் காளி கோயில் கூட்டத்தில் அவளை ஒரு தூணோரம் உட்காரவைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். யாராவது சோறு போடுவார்கள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து காப்பி போட்டுக் குடித்து முடிப்பதற்குள் ஆட்டோக்காரர் பூவரசன் அவளைக் கொண்டுவந்து இறக்கினார்.

"அண்ணி தனியா ஒக்காந்திருந்தாங்கண்ணே. எந்திரிக்கவே மாட்டேன்னுட்டாங்க. நீங்கதான் கூட்டியாரச் சொன்னீங்கன்னு பொய் சொல்லி ஏத்திட்டு வந்தேன்" என்றார்.

அவருக்கு நன்றி சொல்லி அனுப்பினேன். அரியலூர் சிமெண்ட் ஆலையில் அத்தனை வருஷம் வேலை பார்த்தவன் நான். பெரம்பலூர், அரியலூர் பக்கம் எங்களைத் தெரியாதவர்கள் குறைவு. யாருக்கும் தெரியாத ஊர் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

இந்த ஊர் எனக்குப் பிடித்தது. கிறிஸ்துமஸ் சந்தை போட்டிருந்தார்கள். ஆற்றோரம் ஒரு பெஞ்சு, எதிரே சூடாகக் குடிக்க விற்கும் ஒரு கடை. பெயர் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று, அவள் கைப்பையில் பெயர் போட்டிருந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். இங்கேயே உட்கார்ந்திரு, வந்துவிடுகிறேன் என்றேன்.

"சரிங்க. பாத்துப் போங்க, வழுக்குது" என்றாள்.

திரும்பி ஏறும்போது கப்பல் வாசலில் எங்கள் இரண்டு பேர் பயணி அட்டையையும் எப்போதும் நான்தான் காட்டுவேன். அன்றும் காட்டினேன், யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலை அடுத்த ஊரில் இறங்கி, அங்கே அவள் தொலைந்துவிட்டதாகப் புகார் செய்தேன். அந்த ஊர் முழுக்கத் தேடினார்கள், நாயெல்லாம் கொண்டுவந்து நன்றாகவே தேடினார்கள். அதற்குள் இந்த ஊர் பெஞ்சில் அவளைக் கண்டுபிடித்து, என்னை இங்கே கூட்டிவந்துவிட்டார்கள்.

அவள் செத்துப்போவாள் என்று நினைக்கவில்லை என்று முதலில் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். அவளுடைய தடித்த கோட்டு கப்பலில் கொடுத்தது. முதுகில் கப்பலின் பெயர் பெரிதாக இருந்தது. அதையும் கழற்றி வாங்கிக்கொண்டேன். கையைத் தூக்கச் சொன்னதும் குழந்தை மாதிரி தூக்கினாள். உள்ளே சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். பனி கொட்ட ஆரம்பித்திருந்தது, பார்த்துக்கொண்டுதான் கழற்றினேன். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை. கப்பலில் அன்று சூப் நன்றாக இருந்தது.

கடைக்காரப் பெண் ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டு, உள்ளே வரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தாளாம். இவள் எழுந்திருக்கவில்லையாம். ஆற்றுப் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தாளாம். அவர் வந்துவிடுவார் என்றுதான் சொல்லியிருப்பாள். யாரோ வரப்போகிறார்கள் என்று நம்பி அந்தப் பெண்ணும் கடையைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

அழாதீர்கள் அம்மா, மொழிபெயர்த்து முடியுங்கள். கொன்றது ராசாங்கமாகிய நான்தான் என்று எழுதிக்கொள்ளட்டும், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்: என் பேச்சை அவள் ஒரு தடவையாவது தட்டியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள்.