கோழிக்கொட்டாய்க்கு ஆத்துமணல்

சன்னாசி: ...மரத்தூள் வேணாம்னு சொன்னேன்ல, மயிலு.

மயிலம்மாள்: ஏங்க? லாபு ஊரு மரவாடிக்காரன் சும்மாவே அள்ளிக்கச் சொல்றான்லா.

சன்னாசி: பூச்சி அரிக்காம மருந்துல முக்குன மரம் அது. கோழி கொத்தித் தின்னா அவ்ளோதான்.

மயிலம்மாள்: அப்ப ரப்பர் காய வைக்கிற புகைவீட்டுச் சாம்பல்?

சன்னாசி: ஈரத்துல சேந்தா கால வேகவச்சிரும். செவப்பி ஏற்கெனவே நொண்டுது.

மயிலம்மாள்: உமி...

சன்னாசி: உமி மூட்டையோட வேலிக்கேட்டுல நின்னா, அரிசி எங்க, காட்டுல இருக்குற கம்யூனிஸ்டுக்குப் போவுதான்னு கேப்பான் மாத்தா போலீசு.

மயிலம்மாள்: சரி, லாலான் புல்ல மேலாப்புல பரப்பிருவோம்.

சன்னாசி: இந்த மழையில எங்க காயுது? பூசணம் புடிச்சா கோழிக்கு மூச்சு இழுக்கும். ஆத்துமணல்தான் சரி. தண்ணி கீழ எறங்கிரும்.

மயிலம்மாள்: அப்ப அதையே கொட்டுங்க.

சன்னாசி: சேத்து மேல கொட்டுனா அதுவும் சேறுதான். ஒரு முழம் தோண்டி எடுத்துட்டு...

மயிலம்மாள்: தோண்ட வேணாம்.

சன்னாசி: ஏன்?

மயிலம்மாள்: முட்ட வைக்கிற நேரம்... மிரளும்.

சன்னாசி: நொண்டுற கோழி எங்க முட்ட வைக்குது? மம்பட்டிய எடு.

மயிலம்மாள்: நாளைக்குப் பாத்துக்கலாங்க.

சன்னாசி: நாளைக்கு லயத்து வீட்டுக்கெல்லாம் சோதன வருது. கணக்கெழுதுற கிராணி சொன்னாரு. இரும்புக்கம்பிய வச்சுத் தரையெல்லாம் குத்திப் பாப்பாங்களாம்.

மயிலம்மாள்: ...கொட்டாயயுமா?

சன்னாசி: பக்கத்துத் தோட்டத்துல மொதல்ல குத்துனதே அங்கதான். என்ன, உக்காந்துட்ட?

மயிலம்மாள்: ஏங்க... கோவிச்சுக்க மாட்டீங்களே?

சன்னாசி: சொல்லு.

மயிலம்மாள்: மூலையில பிஸ்கட் தகரம் ஒண்ணு பொதச்சிருக்கேன். உள்ள அரிசி. எம்பங்கு ரேஷன்ல மிச்சம் புடிச்சு வச்சேன். அர்ச்சுனன் காட்டுல அந்தக் கம்யூனிஸ்டுங்களோட பட்டினி கெடப்பானே... எனக்குன்னு இருக்குற ஒரே தம்பி. தெரிஞ்சா ஒங்களையும் சேத்துப் புடிச்சிட்டுப் போவாங்கன்னுதான் சொல்லல.

சன்னாசி: வெறுந்தகரந்தான் கெடக்கு, மயிலு. செவப்பியப் புடிக்கப் போனப்ப கால்ல தட்டுச்சு. ரப்பர் பால்வாளிக்கு ரெட்டை அடி வச்சு, அரிசிய அதுக்குள்ள மறச்சுக் காட்டோரம் கொண்டுபோயி அவன் கையிலயே குடுத்துட்டேன். நீ மாட்டிக்கக் கூடாதுன்னு நானும் சொல்லல. தகரம் கெடந்தாலும் கேள்வி வரும், அதான் தோண்டச் சொன்னேன். ...பொட்டலத்தக் கையில வாங்கிட்டு, அக்கா சாப்புடுதான்னு கேட்டான். சாப்புடுதுன்னு பொய் சொல்லிட்டு வந்துட்டேன்.