தெப்பத்தில் ஓர் ஆள் பாரம்

மாலை ஐந்தேகால். அரிமளத்துக்கு வடக்கே, வெள்ளாற்றுக்குப் போகும் வண்டிப்பாதை... ஈ காக்கை இல்லை. ஐம்பத்தைந்தாம் வருடத்துக் கார்த்திகை.

எங்கள் ஊர் ராசாத்தியின் தாய்மாமா சோலையப்பனுக்கு நடந்தது இது. அவள் அவரைப் பார்த்ததே இல்லை. அன்று அவரோடு கரையில் இருந்தவர் அவள் அப்பா வீரய்யா.

சோலையப்பனின் மனைவி காத்தாயிக்கு இரண்டு நாளாகப் பிரசவ வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இனி ஆஸ்பத்திரிதான் என்று மருத்துவச்சி மூக்காயி கையை விரித்துவிட்டாள். ஆஸ்பத்திரி அக்கரையில். ஆற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம்.

இருவரும் பன்னிரண்டு வாழைமரங்களை வெட்டித் தெப்பம் கட்டினார்கள். ஈரமணலில் குச்சியால் வழி போட்டுப் பார்த்தார்கள். முதல் பாறைக்கு இடப்பக்கம் போகவேண்டும். இரண்டாவது பாறை தாண்டியதும் கழியை ஊன்றித் திருப்பினால் அக்கரைப் புளியமரம். திருப்பாவிட்டால் வெள்ளத்தோடு போகவேண்டியதுதான்.

மூன்று பேரைத் தாங்குமா? மூன்று மணல் மூட்டைகளை ஏற்றிக் கரையோரம் மிதக்கவிட்டார்கள். தண்டு பாதிதான் முங்கவேண்டும். முக்கால் முங்கியது. சோலையப்பன் நீர்மட்டத்தில் கத்தியால் ஒரு கோடு கீறினார். ஒரு மூட்டையை இறக்கினார்கள். மட்டம் குறையவில்லை. இரண்டாவது... மூன்றாவது...

"மூணையும் எறக்கியாச்சு மச்சான். பெறகு ஏன் எந்திரிக்கல?" என்றார் வீரய்யா.

பச்சை மஞ்சள் வாசனை அடித்தது. வீரய்யா பின்னால் நகர்ந்தார். சோலையப்பனுக்கு இந்தத் தெப்பத்தை விட்டால் வேறு வழியில்லை. வெறும் தெப்பத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"யாரா இருந்தாலும் எறங்கிக்க தாயி. எம் பொஞ்சாதிக்கு எடம் வேணும்."

களக்... தெப்பம் மேலே வந்தது. ஈரமணலில் ஒவ்வொன்றாகக் காலடி விழுந்தது. வீட்டுப் பக்கமாக ஏறிப் போனது.

சோலையப்பன் வீட்டுக்கு ஓடினார். பாதி வழியில் காத்தாயியே எதிரே வந்தாள், வயிற்றைப் பிடித்தபடி, தனியாக. புடவை சொட்டிக்கொண்டிருந்தது. மழை மத்தியானமே விட்டிருந்தது.

"வலி கொறஞ்சிருக்கு. போவோமுங்க."

அவர் திரும்பிக் கரைக்கு முன்னால் நடந்தார். நடக்கிறாளே... அது போதும்.

காத்தாயி தெப்பத்தின் நடுவில் உட்கார்ந்தாள். ஒரு காலை எடுத்து வைத்த சோலையப்பன் குனிந்து பார்த்தார். தண்ணீர் கத்திக் கோட்டில் நின்றது. மஞ்சள் வாசனை... அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது.

மேட்டிலிருந்து மூக்காயியின் குரல் கேட்டது.

"ஆம்பளப் புள்ள, சோலையப்பா... காத்தாயி கண்ணு முழிச்சு ஒன்னயத்தான் கேக்குறா."

அதற்குள் கரையில் நின்ற வீரய்யா தெப்பத்தின் கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார்.